சாப்பிடலாம் என்றேன்

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சாப்பிடலாம்."

கல்யாணமாகி ஒன்பதாவது நாள், பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு சாப்பாட்டுக்கடையில் நானும் என் கணவரும் முதன்முதலாக இப்படிப் பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடங்களில் எத்தனை ஆயிரம் முறை இதையே பேசியிருப்போமோ, கணக்கில்லை. மற்ற தம்பதிகள் "தூங்கினியா, காப்பி குடிச்சியா" என்று கேட்டுக்கொள்வது போல எங்களுக்கு இது.

ஐயா, நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தச் சமையற்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து அவரை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. எப்படி உண்மை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் கணவருக்கு இறால் ஆகாது. ஆகாது என்றால் அரிப்பும் தடிப்புமாக முடிகிற விஷயமில்லை. ஒரு துளிச் சாறு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். சின்ன வயதில் ஒருமுறை பிழைத்ததே பெரிய காரியம் என்பார்கள். அதனால் வெளியே எங்கே சாப்பிட்டாலும் நான் எழுந்து சமையலறை வரைக்கும் போய்விடுவேன். பரிமாறுகிறவர் சொல்வதை நம்ப மாட்டேன், சமைக்கிறவரையே கேட்பேன். சட்டியில் இறால் பட்டதா, கரண்டியில் பட்டதா, எண்ணெயில் பட்டதா. மூன்றே கேள்வி, இதே வரிசை. திரும்பி வந்து "சாப்பிடலாம்" என்பேன். அதுவரைக்கும் அவர் தட்டைத் தொட மாட்டார்.

"என் தம்பியோட நாக்கை நீதான் பூட்டி வெச்சிருக்கே" என்று என் நாத்தனார் கேலி செய்வார். "அவன் என்னைக்காவது உன்கூடச் சண்டை போட்டான்னு வை, பட்டினிதான்."

நாங்கள் சண்டை போட்டதில்லை. நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கிறுக்கலான சீட்டைப் பார்த்து நானாக ஊகித்து ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லை. அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்திருப்பார். "வண்டிக்கு நான் இருக்கேன், எனக்கு நீ இருக்கே" என்பார். அந்த ஒன்பதாவது நாள் கடையில் அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "வேற யார் சொன்னாலும் நம்பிச் சாப்பிட மாட்டேன். என் உயிரு உன் ஒருத்தி வார்த்தையிலதான் இருக்கு." அதற்கு முன் யாரும் அவ்வளவு பெரிய ஒன்றை என் கையில் கொடுத்ததில்லை. தொண்டை அடைத்தால் உடனே போட வேண்டிய ஊசி மருந்து எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும். ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்திருப்பேன். வருடா வருடம் தேதி பார்த்து மாற்றுவேன்.

எனக்கு இறால் ரொம்பப் பிடிக்கும். இது அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நானும் அண்ணனும் கடைசி இறாலுக்கு அடித்துக்கொள்வோம். பத்தொன்பது வருடமாக நான் அதைத் தொடவில்லை. தொடாததைக் குறையாகவும் நினைத்ததில்லை. கடைக்குப் போனால் நான் சமையலறையிலிருந்து திரும்புவதற்குள் அவர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லி முடித்திருப்பார். அவருக்கு எது ஆகுமோ அது எனக்கும். எத்தனையோ தடவை ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது. இதைப் போய்க் கேட்டு வாங்குவதா என்று விழுங்கிவிடுவேன்.

இந்தத் தீவுக்கு வருவது என் ஆசை. மருந்துக்கடையில் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் பழைய நாள்காட்டியிலிருந்து கிழித்த ஒரு படம் பதினொரு வருடமாக ஒட்டியிருக்கிறது. பச்சைக் கடல், வெள்ளை மணல், தென்னை ஓலை வேய்ந்த குடில்கள். போன மாதம் அவராகவே டிக்கெட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "உன் அலமாரிக்குள்ள இருக்கே, அந்தக் கடலுக்குத்தான் போறோம்." அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. நேற்றுக் காலை படகில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். எழுந்தபோது படத்தில் இருந்த அதே பச்சை. அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு அது போதும்.

வரிசையில் கடைசிக் குடில் எங்களுடையது. கதவைத் திறந்ததும் அவர் இடது கையைத் திரைச்சீலைக்குப் பின்னால் விட்டு மின்விசிறியைப் போட்டார். கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை மட்டும் தானாகப் போனது, பாதையைப் பார்த்தபடியே கியர் மாற்றுவது போல. திரையை விலக்கினால் தவிர அங்கே ஒரு ஸ்விட்ச் இருப்பது யாருக்கும் தெரியாது.

"அங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"இந்த மாதிரி இடத்துல எல்லாம் எவனுக்கும் தெரியாத மாதிரிதாம்மா வைப்பாங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அவரை நம்பியே பழகியவளுக்கு ஒரு ஸ்விட்ச் பெரிய விஷயமில்லை. அவர் குளிக்கப் போனார். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க சமையலறைக்குப் போனேன்.

சமையற்காரர் நல்ல மனிதர். அடுப்பில் இறாலை அரைத்துவிட்ட தேங்காய்ப்பால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. நான் முதல் கேள்வியைக் கேட்டதும் இரண்டாவதையும் மூன்றாவதையும் அவரே சொல்லிவிட்டார்.

"கரண்டியில பட்டுதா, எண்ணெயில பட்டுதா, அதானே? கடைசிக் குடில் சார்தானே? அவருக்குத் தனிச் சட்டி வெச்சிடறேன், கவலைப்படாதீங்க. போன வருஷமும் இப்படித்தான் ஒரு அம்மா வந்து கேட்டாங்க. அவங்க போய்ச் சாப்பிடலாம்னு சொல்ற வரைக்கும் சார் கையே வைக்கல. அவங்களை ஆமை ஆமைன்னு கூப்பிடுவாரு, எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அவங்க உங்க தங்கச்சிங்களா?"

ஆமை யார் என்று எனக்குத் தெரியும். என் கணவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். மூன்று முறை தேர்வில் தோற்றவள். "இன்னைக்கு ஆமை ரிவர்ஸ் எடுத்தா பாரு, பின்னாடி வந்த சைக்கிள்காரன் இறங்கிக் கும்பிட்டான்" என்று இரவுச் சாப்பாட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். போன வருடம் திடீரென்று அந்தக் கதைகள் நின்றுபோயின. லைசென்ஸ் வாங்கிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன். அதே மாதத்தில்தான் அவர் வெளியூரில் நான்கு நாள் பயிற்சி என்று போய், முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்தார்.

ஐயா, நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. இன்னொரு பெண் என்பதால் வந்த ஆத்திரம் என்று எழுதப்போகிறீர்கள். அப்படி எழுத வேண்டாம். ஆண்களுக்குச் சபலம் வரும், போகும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இதே மணலில் நடந்திருந்தாலும் ஒரு வாரம் அழுதுவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அந்த மூன்று கேள்விகளையும் வரிசை மாறாமல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவள் வாயிலிருந்து "சாப்பிடலாம்" என்ற வார்த்தை வரும்வரை தட்டின் முன்னால் காத்திருந்திருக்கிறார். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

சமையற்காரரிடம் தங்கைதான் என்று சொன்னேன். "தனிச் சட்டி வேண்டாங்க. அவருக்குச் சோறும் பொரிச்ச கோழியும் போதும். சூப் எனக்கு. ரெண்டு கிண்ணமா ஊத்துங்க, எனக்கு இறால்னா உயிர்." அவர் இரண்டு தடவை எச்சரித்தார். சாரிடம் கொடுத்துவிடாதீர்கள், சோற்றுக் கரண்டியைக்கூட இதில் போடாதீர்கள் என்றார். தட்டை நானே தூக்கிக்கொண்டு வந்தேன். இதையெல்லாம் அவர் உங்களிடம் சொன்னபோது நீங்கள் நம்பவில்லையாம்.

என் கணவர் தலையைத் துவட்டியபடி வந்து உட்கார்ந்தார். நான் நியாயமாக நடந்துகொள்ள நினைத்தேன். ஒரு வாய்ப்பு கொடுத்தேன்.

"ஏங்க, இங்க இதுக்கு முன்னாடி எப்பவாவது வந்திருக்கீங்களா?"

"நானா? எனக்கு ஏது நேரம்? எல்லாம் உன் அலமாரிப் புண்ணியம்." பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேன்."

அது பொய்யில்லை. கேட்டேன்தானே.

"என்ன சொன்னாங்க?"

"சாப்பிடலாம்" என்றேன்.

மூன்று கரண்டி குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார். இறாலின் ருசி அவருக்கு எப்படித் தெரியும், பாவம். நான்காவது கரண்டியில் கை நின்றது. கழுத்தைத் தடவினார். என்னைப் பார்த்தார். பயப்படவில்லை, ஐயா, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எங்கோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தார். என் கைப்பையைக் காட்டினார். நான் இருக்கும்போது அவருக்கு என்ன ஆகிவிடும்?

கண்ணாடிக் கூட்டை எடுத்தேன். திறந்தேன். ஊசி என் கையில்தான் இருந்தது. தேதிகூடப் பார்த்தேன், இன்னும் ஏழு மாதம் இருந்தது. அவர் பாயில் சரிந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். எழுந்து எங்கேயும் போகவில்லை. இரண்டு கிண்ணமும் எப்படிக் காலியாயின என்று கேட்டீர்களே, அது பிறகு. ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொல்ல நினைக்கிறவள் யாராவது மடியில் படுக்க வைத்துக்கொள்வாளா? நான் காத்திருந்தேன், அவ்வளவுதான். அவர் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போட்டிருப்பேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒருவேளை என்ன பேச வேண்டும் என்று தெரியாமல் இருக்கிறாரோ என்று குனிந்து, அவர் காதில், பத்தொன்பது வருடமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்ததை வாய்விட்டே சொன்னேன்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை, உனக்கு என்ன வேணும்னு என்னைக் கேளுங்க."