ஒப்பிடுவதற்கு ஒரு கால்

சமையலறையில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை வெந்நீர் வைப்பது. அதனால் அன்று காலை நான் அடுப்பருகே நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் செயற்கைத் தோல் செய்கிறவன். தீப்புண்ணின் மேல் ஒட்டினால், அடியில் சொந்தத் தோல் வளரும்வரை அது காயத்தைக் காக்கும். எலிகளுக்கு அருமையாக ஆறியது. நிபுணர் குழுவின் பெரிய மனிதர்கள் படங்களைப் புரட்டிவிட்டு, "மனுஷனுக்கும் இப்படியே ஆறும்னு என்ன நிச்சயம்?" என்றார்கள். மனிதனுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கேட்டால், முதலில் நிச்சயப்படுத்திக்கொண்டு வா என்றார்கள். இவர்களுக்கு மூளை இருக்கிறது என்று நம்பியது என் தப்பு.

என் வீட்டில் ஒரு மனிதன் சும்மா கிடந்தான். மனைவியின் தம்பி. வேலை தேட வந்தவன், கூடத்துச் சோபாவைத் தாண்டி எங்கும் தேடவில்லை. வெயில் ஏறிய பிறகும் கால் நீட்டித் தூங்குவான். ஒரு தழும்பில்லாத, வழவழப்பான கால்கள். தண்டச்சோற்றுக்கு இப்படியொரு தோல்.

கால் இடறிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். இடறவில்லை. நிதானமாகத்தான் ஊற்றினேன், இரண்டு காலிலும் ஒரே அளவாக.

ஆஸ்பத்திரி வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றதும் அவள் கண் கலங்கினாள். வலது காலுக்கு என் தோலை ஒட்டினேன். இடது காலுக்கு வெறும் துணிக்கட்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டாமா? இதைக்கூட உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

வலது கால் அழகாக ஆறிவந்தது. இடது கால் சீழ் பிடித்து நாறியது.

"அத்தான், உங்க புண்ணியத்துல ஒரு காலாவது பொழச்சுது," என்றான் அவன். காய்ச்சலில் பற்கள் கிடுகிடுத்தன. எதற்கு நன்றி சொல்கிறோம் என்று தெரியாத ஜென்மம்.

"ஏங்க, அந்தக் காலுக்கும் இதையே ஒட்டிடுங்களேன்," என்றாள் மனைவி.

"தீந்துபோச்சு. புதுசா செய்ய நாளாகும்."

ஃபிரிட்ஜில், அவள் தினமும் பால் எடுக்கும் தட்டிலேயே, இன்னொரு துண்டு டப்பாவில் இருந்தது. இது என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அக்காவும் தம்பியும் ஒரே வார்ப்பு. தவிர, பாதியில் ஒட்டினால் செய்த வேலையெல்லாம் வீண்.

அவனுக்கு நினைவு தப்பிய பிறகு, அவளே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனாள். கட்டைப் பிரித்த டாக்டர்தான் உங்களுக்குத் தகவல் கொடுத்தவர். அன்று மாலையே அவன் போய்விட்டான்.

கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுகிறேன், ஆட்சேபம் இல்லை. ஒரு திருத்தம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் செத்தது இடது காலால். நான் வைத்தியம் பார்த்தது வலது காலுக்கு.