முடிசூட்டுக் கோப்பையின் தேதி

கண்ணாடி அலமாரியைத் துடைக்க ஈரத்துணி ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பழைய செய்தித்தாள்தான் சரி. துணி கோடு போடும். நீங்கள் இப்போது விரல் வைத்த இடத்தைப் பிறகு நானே துடைத்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

பெயர் சாம்ராஜ். ஆண்டர்சன்பேட்டையில் ரைட்டர் என்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். மெம்பர் தசரதம் அவர்களிடம் பதினோரு வருஷமாக இருக்கிறேன். தசராவுக்கு மைசூரில் கூடும் சபையில் அவர் மெம்பர். வருஷத்துக்கு ஒரு முறை எழுந்து, நான் எழுதிக் கொடுத்த கேள்வியைப் படித்துவிட்டு, பதில் வருமுன் உட்கார்ந்துவிடுவார்.

போன வருஷம் ராஜாவின் முடிசூட்டு விழா பார்க்கக் குடும்பத்தோடு லண்டன் போய்வந்தார். கடல் தாண்டிய பாவத்துக்கு வீட்டுக்குள் பஞ்சகவ்யம். கடல் தாண்டிய பெருமைக்கு வாசலில் பந்தல். கூடவே ஏழு பெட்டிகள் வந்தன. அவற்றிலிருந்து எழுந்ததுதான் இந்த அலமாரி. பித்தளைக் கோபுரம் ஒன்று, முடிசூட்டுத் தேதி போட்ட பீங்கான் கோப்பைகள் பன்னிரண்டு, அப்புறம் போட்டோக்கள். போட்டோக்களில் முக்கால்வாசி கடையில் வாங்கியவை. குடும்பம் நிற்பவை ஸ்டூடியோவில், திரையில் வரைந்த பாலத்தின் முன்னால். நிஜப் பாலத்தில் எடுத்தது ஒன்றே ஒன்று. அதில் மெம்பரின் பாப்பாவின் தோளில் ஒரு கை தெரிகிறதல்லவா? அது ஆயா சம்பங்கியின் கை. அவளுடைய மிச்சத்தை நான் கத்தரித்துவிட்டேன். கையையும் வெட்டினால் பாப்பாவின் தோள் போய்விடும்.

ஒவ்வொன்றின் கீழும் உள்ள விளக்க அட்டைகளெல்லாம் என் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பார்க்க வரும் ஊராருக்குப் பிரம்பால் தொட்டுத் தொட்டு விளக்கம் சொல்வதும் நான்தான். ஜோலார்பேட்டைக்கு அப்பால் நான் போனதில்லை. அதனாலேயே லண்டனைத் தடங்கலில்லாமல் சொல்ல வந்தது. ஒருநாள் கோப்பையைக் காட்டி, "இதிலுள்ள தேதியன்று, ஜூன் இருபத்தாறாம் நாள், மெம்பர் அவர்கள் ராஜாவின் ரதத்துக்குப் பத்தடியில் நின்றார்" என்றேன்.

"எங்க நின்னாரு, ரைட்டரய்யா? அன்னிக்கு ஒண்ணுமே நடக்கலியே." பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் சம்பங்கி. "ராஜாவுக்கு வயித்துல கட்டி. டாக்டருங்க அறுத்தாங்க. பொண்ணு ஓடிப்போன கல்யாண வூடு மாதிரி ஊரே கட்டின பந்தலோட கிடந்துது. அப்பாலதான் விழா வெச்சாங்களாம். அதுக்குள்ள நாங்க கப்பல் ஏறிட்டோம்."

ஒரு மேஸ்திரி கேட்டான். "அப்போ மெம்பரு இன்னாத்தப் பார்த்தாரு?"

"கம்பளிய. குளுருதுன்னு இழுத்துப் போத்திக்கினு ஆறு வாரம் ரூம்லயே படுத்துங் கிடந்தாரு. அம்மாவும் வெளிய வரல. பாப்பாவத் தூக்கிக்கினு நாந்தான் ஊரெல்லாம் சுத்தினேன். கேளுங்க, சொல்றேன்."

கேட்டார்கள். என் பிரம்பு பித்தளைக் கோபுரத்தின்மேல் இருந்தது. எல்லோருடைய முதுகும் என் பக்கம் இருந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டம் இரட்டிப்பு, எனக்காக அல்ல. சம்பங்கி முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். லண்டன் ஆற்றங்கரையில் பொறுக்கியது. "எங்கூட்டுக்காரரு தங்கச் சுரங்கத்துல, சாஃப்ட்டுக்குள்ள எறங்கி கல்லு உடைக்கிறவரு. சீமைக் கல்லு எப்டி இருக்கும்னு கேட்டாரு, அதான்." சுரங்கத்து ஆட்கள் அதைக் கையில் எடை பார்த்தார்கள், எச்சில் தொட்டு வெளிச்சத்தில் திருப்பினார்கள், தங்கம் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஆனாலும் கல் கைமாறிக்கொண்டே இருந்தது. என் கோப்பைகளைத் தொட்டுப் பார்க்க யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சுரங்கத்துப் பெரிய துரை அலமாரியைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. சம்பங்கியை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று மெம்பர் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "அவ ஊட்டாம பாப்பா சோறு தின்னாது, போங்க" என்றார்கள். நான் நியாயமான மனிதன். நியாயமான வழி ஒன்றைத் தேடினேன்.

பிளேக் வருஷம் அது. காய்ச்சல், கட்டி என்று ஒரு சீட்டு எழுதிப் போட்டால் போதும், ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளை வைக்கும் கொட்டகையிலிருந்து வண்டி வந்துவிடும். எங்கள் தெருவுக்குச் சீட்டு எழுதும் பொறுப்பு என்னுடையது. "சம்பங்கி, ஆயா. காய்ச்சல். அக்குளில் கட்டி" என்று எழுதினேன். அக்குளில் ஒன்றும் இல்லை. ராஜாவின் வயிற்றுக் கட்டியைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன், அவ்வளவுதான்.

வண்டியில் ஏற்றும்போது என்னைத்தான் கூப்பிட்டாள். "படிச்சவரு, நீங்க சொல்லுங்க ரைட்டரய்யா, எனக்கு ஒண்ணுமில்லன்னு." விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்றேன். கொட்டகையில் யார் பக்கத்தில் படுக்கப்போகிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலும் என் எழுத்துதான். வழக்கப்படி அவள் வீட்டுக் கூரையைப் பிரித்து, சாமான்களைக் கொளுத்தினார்கள். எட்டாம் நாள் இறந்தாள். அக்குளில் கட்டி இருந்ததாம். ஆக, என் சீட்டில் பொய் என்று எதுவும் மிஞ்சவில்லை.

துரையின் வருகை சிறப்பாக நடந்தது. அரைமணி நேரம் ஒரு குறுக்குப் பேச்சு இல்லை. துரை கோப்பையை எடுத்துத் தேதியை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். மெம்பரைப் பார்த்தார். சிரித்தார். மிகவும் திருப்தியான சிரிப்பு.

அப்புறம்தான் அவள் புருஷன் காத்தவராயன் வந்தான். கொட்டகையில் கேட்டு வாங்கிய சீட்டை இந்தக் கண்ணாடிமேல் வைத்து, அட்டையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவன் எழுத்தைப் படம் பார்ப்பதுபோலப் பார்ப்பான். இரண்டும் ஒரே கை என்று அவன் கண்டுகொள்வான் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. பிறகு கல்லைக் கேட்டான். மூன்றாம் தட்டில் இருக்கிறதே, அதுதான். கல் எரியாதல்லவா. அவள் வீட்டுச் சாம்பலைக் கிளறி நானே எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அட்டை எழுதினேன். "லண்டன் கோட்டைச் சுவரின் கல். மெம்பர் அவர்களுக்கு அன்பளிப்பு."

சீட்டு எழுதியது நான்தான். கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொள்வதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுத்து மட்டும் திருத்தமாக இருக்கட்டும். கல்லை அவனிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள், வரிசை கெட்டுவிடும். மற்றபடி இந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள், ஐயா. ஒரு பிழை கிடையாது. இருந்தால் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள்.