மூத்த ஜாடி

புகையிலையை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. படித்தவர்கள்கூடச் செய்கிற தப்பு இது. பைப் புகையிலை குளிரில் தூங்கிப்போகும், வெயிலில் செத்துப்போகும். அது பழுத்து வர ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி வேண்டும், வெளிச்சம் படாத அலமாரி வேண்டும், அதிக ஈரமில்லாத நல்ல இலை வேண்டும், வாயை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்த ஓர் ஆளும் வேண்டும். முதல் மூன்றும் கடையில் கிடைக்கும். நான்காவதாக எங்கள் குடும்பத்தில் நான் இருந்தேன்.

நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. அவர் காகிதத்தை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு படிக்கிறார். கண்ணாடியை மாற்றியே ஆக வேண்டும். அதுவரை என் சங்கதியை அவர் கையில் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. நானே எழுதித் தருகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி சின்ன விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது.

என் அண்ணனை எல்லோரும் கேப்டன் என்பார்கள். கப்பலில் அவர் ஸ்டோர்கீப்பர். அரிசி மூட்டை, கயிறு, பெயின்ட் டப்பா இவற்றுக்கெல்லாம் அவர்தான் தலைவர். யாரோ ஒருத்தர் வாய் தவறிக் கேப்டன் என்றார். அண்ணன் பெருந்தன்மையானவர், அவரைத் திருத்தவில்லை. அதற்குப் பிறகு யாரையுமே திருத்தவில்லை. கேப்டன் என்றால் வாயில் பைப் இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ, அதையும் பிடிக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு பயணம் முடிந்து வரும்போதும் நல்ல இலையாகப் பார்த்து வாங்கி வருவார். ஜாடியில் அடைப்பார், வருடம் எழுதிய சீட்டை அதன் கழுத்தில் நூல் போட்டுக் கட்டுவார், என் கடைக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் வைத்துவிட்டு மறுபடி கப்பல் ஏறிவிடுவார். சேர்த்து வைத்தவர் அவர் என்று ஊரே சொல்லும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறாமல் பார்த்துக்கொண்டது, ரப்பர் வளையம் தளர்ந்தால் மாற்றியது, ஜாடிகளைத் தொடாதே என்று என் பிள்ளைகள் முதுகில் ரெண்டு வைத்தது, இதெல்லாம் யார் என்று ஊர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

அந்த வரிசையில் முதல் ஜாடிக்கு மூத்தது என்று பேர். "அதை மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன்டா. நான் வேலையை விட்டுட்டு வந்ததும் நீயும் நானும் மட்டும் உக்காந்து திறப்போம்" என்பார் அண்ணன். ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் பைப் பிடிக்கிறவன் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு நாளுக்காக ஒரு பைப் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

வேலையை விட்டு வந்தார். கூடவே சர்க்கரை வியாதியும் வந்தது. பார்வை மங்கியது, அப்புறம் இரண்டு கிட்னியும் போயின. கப்பலில் இத்தனை வருடம் பெயின்ட் டப்பா எண்ணியவருக்கு உறவுக்காரர்களை எண்ணவும் தெரிந்திருக்கும். யாருடைய கிட்னி பொருந்தும் என்று சோதித்ததில் மற்றவர்களுக்கு எல்லாம் ஏதோ ஒரு காரணம் கிடைத்தது. ஒருவருக்கு ரத்தம் சேரவில்லை, ஒருவருக்கு மனைவி சேரவில்லை. எனக்கு எல்லாம் சேர்ந்தது. கொடுத்தேன். அதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைக்கவே இல்லை. எப்போதாவது குளிக்கும்போது தழும்பு கைக்குத் தட்டுப்படும், அவ்வளவுதான். அப்புறம் சட்டை போடும்போது. பஸ்ஸில் ஏறும்போது.

அண்ணன் பிழைத்துவிட்டார். வீட்டில் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்தார். காலையில் என் கடைக்கு வந்து, அலமாரிக்குள் தலையை விட்டுத் துழாவி, மூத்த ஜாடியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். நான் என் பைப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விருந்தில் அண்ணன் எழுந்து பேசினார். நன்றாகவே பேசுவார், கேப்டன் இல்லையா. "எனக்கு மறுபிறவி கொடுத்த மனுஷன் இங்க இருக்கார்" என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். "நம்ம டாக்டர்" என்றார். ஜாடி டாக்டரின் கைக்குப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள். பாதி எழுந்தவன் சும்மா உட்கார முடியாதே, நானும் தட்டினேன். அண்ணி மட்டும் என் பக்கம் குனிந்து, "உங்களையும் சொல்லியிருக்கலாம் தம்பி, மறந்துட்டார் போல" என்றாள். மறதிதான் அண்ணி, வயசாகிறதல்லவா என்றேன். வயிறு எரிந்தது. ஒரு கிட்னி குறைந்த வயிறு கொஞ்சம் கூடுதலாகவே எரியும் போலிருக்கிறது.

டாக்டர் சிகரெட்கூடத் தொடாதவர். அடுத்த மாதம் அண்ணியோடு என் பரிசோதனைக்குப் போனபோது மேசையில் அந்த ஜாடியைப் பார்த்தேன். அதில் பஞ்சு போட்டு வைத்திருந்தார். "உள்ள இருந்த தூளைக் கொட்டிட்டேன். ஆனா ஜாடி நல்லா டைட்டா மூடுது" என்றார். நல்ல பஞ்சு டாக்டர் என்றேன். கிளம்பும்போது என்னிடமும் அண்ணியிடமும் மறுபடி பாடம் எடுத்தார். கேப்டனுக்கு எதிர்ப்பு சக்தியை மருந்து கொடுத்துக் குறைத்து வைத்திருக்கிறார்களாம், இல்லாவிட்டால் புது கிட்னியை உடம்பு தள்ளிவிடுமாம். பைப் கூடவே கூடாது. அதைவிட முக்கியம், ஈரத்தில் மக்கினது, பூசணம் பிடித்தது எதன் கிட்டேயும் அவர் மூக்குப் போகக் கூடாது. நமக்குத் தும்மலோடு போவது அவருக்கு நுரையீரலில் குடித்தனம் நடத்தும். நான் கவனமாகக் கேட்டேன். அண்ணி கேட்டாளா என்பது எனக்குத் தெரியாது.

இதைத் தெளிவாகப் பதிவு செய்யுங்கள்: நான் அண்ணனைக் கூப்பிடவில்லை. அவராகத்தான் வந்தார். கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மிட்டாய் கேட்பது போல, "ஒண்ணே ஒண்ணுடா தம்பி. அண்ணிக்குத் தெரிய வேண்டாம். அந்த ரெண்டாவது ஜாடியைத் திற" என்றார். இப்போது வேண்டாம் அண்ணே, ஒரு மாதம் போகட்டும், நான் தயார் பண்ணி வைக்கிறேன் என்றேன். நாளெல்லாம் என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனார். பின்னறையில், ஆள் இல்லாதபோது, புகழ்வதற்கு அவர் தயங்கியதே இல்லை.

தயார் பண்ணுவது சுலபம். இத்தனை வருடம் எதையெல்லாம் செய்யாமல் இருந்தேனோ அதையெல்லாம் செய்தால் போதும். இலை காய்ந்துவிட்டது என்று ஆப்பிள் துண்டு போடுவார்கள் கற்றுக்குட்டிகள். நான் போட்டேன். ஜாடியைக் குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்து, ஃபிரேம் வளைக்கும் ஹீட்டருக்கு மேல் பலகையில் வைத்தேன். தண்ணீர் கொஞ்சம் தெளித்தேன். மற்றபடி ஜாடியை நான் தொந்தரவு செய்யவில்லை. அது பாட்டுக்கு வேலை செய்தது.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நன்றாகப் பழுத்த இலையின் மேல் சில சமயம் வெள்ளையாகப் பொடி படியும். இலையின் உள்ளே இருப்பது மெல்ல மேலே வந்து உறைவதாகப் பைப் பிடிப்பவர்கள் சொல்வார்கள். அதைக் கண்டால் லாட்டரி விழுந்த மாதிரி ஆடுவார்கள். அண்ணன் அதற்குப் பனி என்று பேர் வைத்திருந்தார். ஆயுளில் ஒரு தடவையாவது என் ஜாடியில் பனி விழணும்டா என்பார். பூசணமும் வெள்ளைதான், அதே இலையில், அதே இடத்தில்தான் வரும். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. லென்ஸில் தெரியும். பனி மணல் மணலாக மின்னும். பூசணம் நூல் நூலாகப் பஞ்சு கட்டியிருக்கும்.

சொன்ன மாதம் முடிந்ததும் அண்ணன் வந்தார். ஜாடியைத் திறந்தேன். "டேய், வெள்ளையா இருக்குடா. எனக்குத்தான் கண்ணு தெரியல. நீ பார்த்துச் சொல்லு. பனியா, இல்ல பூசணமா?"

லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தேன். அவசரப்படவில்லை. தொழில் என்றால் தொழில். நூல் நூலாக, கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது.

"பனிதான் அண்ணே."

அண்ணன் அழுதுவிட்டார். முகத்தை ஜாடிக்குள் புதைத்து நெஞ்சு நிறைய இழுத்தார். கொஞ்சம் மண் வாசனை அடிக்கிறதே என்றார். பழுத்த இலை அப்படித்தான் அண்ணே என்றேன். நானே பைப்பை நிரப்பிக் கொடுத்தேன், நானே பற்ற வைத்தேன். "நீயும் ஒரு இழுப்பு இழுடா" என்றார். ஒற்றைக் கிட்னிக்காரன், எனக்கு எதற்கு என்றேன். அந்தப் பேச்சு வந்ததும் வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு தினமும் சாயங்காலம் வந்தார். ஜாடி காலியாகும் வரை வந்தார்.

இருமல் வந்தது, காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்ன மருந்து கொடுத்தும் நெஞ்சு தெளியவில்லை. கிட்னி மட்டும் அருமையா வேலை செய்யுது என்று டாக்டரே சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பிறகு அண்ணியையும் என்னையும் நிறுத்திக் கேட்டார்: "பழைய பொருள், மக்கின இலை, ஈரச் சுவர், எதுகிட்டயாவது போனாரா? தெரிஞ்சா மருந்தை மாத்தலாம். இன்னும் நேரம் இருக்கு." வீட்டையும் என் கடையையும் விட்டால் அவர் எங்கும் போவதில்லை டாக்டர் என்றேன். படுத்திருந்த அண்ணன் கலவரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி முன்னால் பைப் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுவேனோ என்று பயம் அவருக்கு.

அவர்கள் இருவரும் வெளியே போனதும் அண்ணன் என் கையைப் பிடித்தார். "காட்டிக் கொடுக்கலியே. நீதான்டா தம்பி" என்றார். மூச்சு வாங்கியது. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். டாக்டருக்குக் கொடுத்தது மூத்தது இல்லடா. பைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு அதையா கொடுப்பேன்? ரெண்டாவது ஜாடியோட சீட்டை மாத்திக் கட்டிட்டேன். ஸ்டோர்ல இருந்தவனுக்கு இது தெரியாதா? நாம திறந்ததுதான் மூத்தது. நீயா கண்டுபிடிப்பேன்னு பார்த்தேன். நீ ஒரு இழுப்புகூட இழுக்கல."

டாக்டர் அப்போது கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் குரல் எனக்குக் கேட்டது. நான்கு எட்டு வைத்தால் சொல்லியிருக்கலாம். எழுந்துகூட விட்டேன். ஆனால் பூசணத்தைப் பனி என்று சொன்ன கண்ணாடிக்காரன் என்று அண்ணன் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். வேண்டுமென்றே சொன்னேன் என்றால் மனம் உடைந்துபோவார். தெரியாமல் சொன்னேன் என்றால் என் தொழிலுக்கு அசிங்கம். நோயாளியை எதற்குக் கலங்கடிப்பது என்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து அண்ணன் என் கையைப் பிடித்திருந்தார். அதை விடுவிக்கவும் மனம் வரவில்லை.

இரண்டு நாளில் போய்விட்டார்.

நான் பேசாமலே இருந்திருப்பேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, சந்தேகப்படுகிற அளவுக்கு என்னை யாரும் கவனித்ததும் இல்லை. இன்று காலை துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி பாவம், ஆசையாத்தான் கொடுத்தார். ஆனா அது ஒட்டலயே" என்றாள். பக்கத்தில் இருந்த ஒருவர், வயசான கிட்னி எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றார். அத்தனை பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் ஒன்றாக என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என்னால் பொறுக்க முடியவில்லை. அங்கிருந்து கடைக்குப் போய் ஜாடியை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன். ஜாடி உங்கள் மேசை மேல் இருக்கிறது, அடியில் கொஞ்சம் தூள் ஒட்டியிருக்கும். பரிசோதனைக்கு அது போதும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் வாங்கிப் பாருங்கள், கடைசி நாள் வரை கிட்னியில் ஒரு குறை இருக்காது. பத்திரிகைக்காரர்கள் வந்தால் இதை மட்டும் மாற்றாமல் சொல்லிவிடுங்கள், அண்ணி காதிலும் விழட்டும். என் அண்ணனைக் கொன்றது நான். என் கிட்னி அல்ல.