நான்கு மணி நேரத் தண்ணீர்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

நேற்றைய பக்கத்தில் ஒரு சிறு பிழை. தென்காசியில் மாலை வகுப்பு ஏழு மணிக்கு முடிந்ததாக எழுதியிருக்கிறேன். ஆறே முக்காலுக்கே முடிந்துவிட்டது. நேரம் தவறினால் குறிப்பேடு எதற்கும் உதவாது என்பார் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் பெர்சிஸ் டீச்சர். அதனால் இன்னொரு நேரத்தையும் இங்கே திருத்திவிடுகிறேன்.

ஜூன் மாதம் நான் ஜாக்அப்பில் வேலை பார்த்தேன். ஆழமில்லாத கடலில் நான்கு இரும்புக் கால்களை ஊன்றி, தன்னைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும் கலம் அது. தூக்குவதற்கு முன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, அந்தப் பாரத்தோடு நான்கு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். அடியில் சேறு இருந்தால் கால் அப்போதே இறங்கிக் காட்டிவிடும்.

அன்று காலை பத்து மணிக்கு நீரை நிரப்பி நிறுத்தினேன். கரைக்குப் படகு பதினொன்றரைக்கு. எனக்கு விடுப்பு, குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. கால் விரற்கடைகூட இறங்கவில்லை. பதினொன்றேகாலுக்கு வால்வைத் திறந்து நீரை வெளியே விட்டேன்.

அடுத்த ஷிப்டுக்கு வந்த விஜய்பாண்டி தூக்கக் கண்ணோடு கேட்டான்.

“நாலு மணி நேரம் ஆயிட்டுதாலே?”

“ஏழுக்கே ஆரம்பிச்சாச்சுல்லா.”

பதிவேட்டை நீட்டினேன். ‘வால்வைத் திறந்தவர்’ என்ற இடத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டான்.

“நீ போயி அருவில குளிலே. நமக்கு இங்கன உப்புத்தண்ணிதான்.”

மறுநாள் மாலை ஒரு கால் சேற்றில் புதைந்து, மேலே தூக்கியிருந்த தளம் சரிந்தது. அவன் உடல் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. தளம் சரிந்த நேரம் நான் ஐந்தருவியில் நின்றிருந்தேன். இப்போது வீட்டுக் குழாயைத் திறந்தாலும் தொட்டி காலியாகும் சத்தம்தான் கேட்கிறது. பாதி வாளியிலேயே மூடிவிடுகிறேன்.

பதிவேட்டில் பத்து, பதினொன்றேகால் இரண்டும் சரியாகவே இருக்கின்றன. வாயால் சொன்ன ஏழுதான் தவறு. அதைக் கேட்டவன் இப்போது இல்லை.

இன்று அவன் மனைவி முத்துசெல்வி வந்திருந்தாள்.

“அவுக அவசரப்படுத ஆளு இல்லயே அண்ணே. எம்புள்ள வளந்து, எங்கப்பாதான் தப்பு செஞ்சாரான்னு கேட்டா நான் என்ன சொல்ல? விசாரணையில நீங்க உள்ளதச் சொல்லுங்க, போதும்.”

“சொல்லுதேம்மா” என்றேன். யோசித்துப் பார்த்தேன். அவன் இனி வேலை தேட வேண்டியதில்லை. எனக்கு இருபத்து நான்கு வயது.

நாளை: ஆறரை மணிப் பேருந்தில் கடையம் போய் முத்துசெல்வியை விசாரணைக்கு அழைத்துப்போக வேண்டும். வால்வைத் திறந்தது விஜய்பாண்டி என்று நான் சொல்லும்போது, அவளுக்குத் துணையாகத் தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.