ஈர மணலில் ஒரு நேரான பாதம்

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் சிமெண்டுத் தரை போட்டிருக்கிறார்கள். நல்லது, மேடம். தண்ணீர் வேண்டாம். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகத்தான் சொல்வேன், அவசரப்பட்டு எந்த ஆட்டத்தையும் நான் ஜெயித்ததில்லை.

பெயர் ஜெரால்டு. வயது ஐம்பத்திரண்டு. கோட்டைப்பட்டினத்தில் மேனேஜர் சார் வீடு எது என்று கேட்டால் போதும், கூட்டிக்கொண்டு வந்தே விடுவார்கள். இருபத்து நாலு வயதுவரை திருச்சியில் ஒரு பேங்க் டீமுக்கு ஃபுட்பால் ஆடினேன். ஒரு அரையிறுதியில் எதிராளி என் வலது காலின்மேல் விழுந்தான். எலும்பு கூடியது, பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. அன்றைக்கு அழுதேன். பிறகு யோசித்தால், கால் முறிந்ததால்தானே கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டத்தைப் பார்க்கக் கற்றேன். ஊருக்கு வந்து, கடலுக்குப் போகிறவன், காலேஜுக்குப் போகிறவன் எல்லாரையும் சேர்த்து ஒரு கிளப் ஆரம்பித்தேன். போன வருடத்துக்கு முந்தின ஒன்பது வருடத்தில் ஆறு கோப்பை. இந்த வட்டாரத்தில் வேறு எந்த மேனேஜருக்கும் அது வாய்க்கவில்லை.

எங்களுக்குக் கடற்கரைதான் பயிற்சி மைதானம். காலையில் கடல் உள்வாங்கியதும் ஈர மணலில் வெறுங்காலோடு ஓட்டம். அங்கே சிப்பி கிடக்கும், பாட்டில் சில்லு கிடக்கும், திருக்கை முள்கூடக் கிடக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். விடிந்ததும் நான் முதலில் எட்டு வைத்து நடப்பேன். ஆட்டக்காரர்கள் என் காலடிமேலேயே மிதித்து ஓடி வரவேண்டும். மேனேஜர் மிதித்த இடத்தில் ஆபத்து கிடையாது, அவ்வளவுதான் விதி. ஒருவன் காலிலும் ஒரு சில்லு ஏறியதில்லை.

முகமது அஸ்வர் என் முன்கள ஆட்டக்காரன். வயது இருபத்திரண்டு. ஓட்ட வரிசையில் எப்போதும் அவன்தான் முதல் ஆள். ஆறில் நாலு கோப்பை அவன் காலால் வந்தது. போன வருடம் ஜனவரியில் கேரளத்து கிளப் ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை ரயில். என்னிடம்தான் முதலில் வந்து சொன்னான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்குப் போய் அலமாரியில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். அவன் போய்விட்டால் நான் கால் கோணின ஒரு ஆள், அவ்வளவுதான். டீக்கடையில் எனக்கு எவனும் எழுந்து இடம் தரமாட்டான். பயந்துவிட்டேன், மேடம். பயத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது?

சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, பனையோலைத் துண்டைப் போட்டு, மேலே ஈர மணலைத் தடவினேன். அதன்மேல் என் காலடி இருக்கவேண்டுமே. மிதித்தால் நான் விழுவேன். அதனால் உட்கார்ந்து, கையால் ஒரு வலது பாதம் செய்தேன். உள்ளங்கையால் குதிகாலை அழுத்தினேன், விரல்களை ஒவ்வொன்றாக வைத்தேன். பத்து நிமிடம் ஆனது. நன்றாக வந்திருந்தது.

எலும்பு முறியும் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். முதலில் ஓடியவன் நான்தான். ஓலையை மணலுக்குள் அமுக்கிவிட்டு அவனைத் தூக்கினேன். தூண்டில் புழுவுக்காக எவனோ தோண்டின குழி என்று சொன்னதும் நான்தான். பையன்கள் புழு தோண்டும் ஐயனார் என்கிற ஆளை அடிக்கக் கிளம்பினார்கள். தடுத்ததும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அவன் பக்கத்திலேயே இருந்தேன். அவன் தாயார் ஹவ்வா உம்மாள் தினமும் எனக்கும் சேர்த்து இடியாப்பம் கொண்டுவந்தார்கள். “நீங்க இல்லாட்டி எம்புள்ள என்ன ஆயிருப்பான் சார்” என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் சாப்பிட்டேன்.

கால் கூடியதும் அவனை உதவி மேனேஜர் ஆக்கினேன். எனக்கு ஒருவன் தெரியாமல் கொடுத்ததை நான் அவனுக்குத் தெரிந்தே கொடுத்தேன். யோசித்துப் பாருங்கள், அது நல்லதுதானே. அவன் ஆட்டத்தைப் படிக்கிற மாதிரி என்னால்கூட முடியாது. இந்த வருடம் ஏழாவது கோப்பையும் வந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் கரையில் உட்கார்ந்திருந்தோம். அஸ்வர் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“அன்னைக்கு ஓடி வரையில ஒங்க காலடியத்தான் பாத்துக்கிட்டு வந்தேன் சார். வலது காலு எல்லா அடியிலயும் கோணிக் கெடந்துச்சு. அந்த ஒரு அடி மட்டும் நேரா இருந்துச்சு.”

நான் வலது காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“ஒங்க காலு சரியாயிருச்சுன்னு நெனச்சேன் சார். சந்தோசமாத்தான் மிதிச்சேன்.”

இருபத்தெட்டு வருடமாக அந்தக் காலோடு நடக்கிறேன். என் கைக்கு அது தெரியாமல் போய்விட்டது.

அவன் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான். “நாளைக்கு நான் முன்னால நடக்குறேன். நீங்க பின்னால வாங்க சார்” என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் ராத்திரி நான் தூங்கியிருப்பேன்.

காலையில் போனேன். போகாவிட்டால் தெரிந்துவிடுமே. அஸ்வர் தூரத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். ஈர மணலில் அவன் காலடி நீளமாகப் போயிருந்தது. அவனுக்கும் இப்போது வலது பாதம் கோணல்தான். பதினோரு அடி மிதித்தேன். பன்னிரண்டாவது அடி நேராக இருந்தது.

கீழே ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். காலைத் தூக்கினவன் வைக்க முடியாமல் நின்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த அடியிலேயே திரும்பி மிதித்து ரோட்டுக்கு வந்து, முதலில் நின்ற பஸ்ஸில் ஏறி இங்கே இறங்கினேன்.

அஸ்வரின் காலை முறித்தது நான்தான். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதுங்கள், மேடம். பயந்து வந்தேன் என்று எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன்.

லாக்கப் முற்றத்துக்கு அங்கிட்டு இருக்கிறது என்கிறீர்கள். முற்றத்தில் மணல் பரப்பியிருக்கிறது. நீங்கள் முன்னால் நடங்கள், மேடம். நீங்கள் மிதித்த இடத்திலேயே நான் மிதித்து வருகிறேன்.