ராசியான கை

சாயங்காலம் கடையை அடைச்சுட்டு வந்து, நம்ம வீட்ல நம்ம நாற்காலியில சாய்ஞ்சு உட்கார்ந்து செய்தி பார்க்கணும்னு நினைக்கிறது ஒண்ணும் பெரிய குத்தம் இல்ல சார். உங்களுக்கும் அந்த ஆசை இருக்கும். நான் கேட்டது அவ்வளவுதான். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாடி ஒண்ணொண்ணா வந்து சேர்ந்துச்சு.

நான் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கேன். பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸ்தான். முகத்தைத் தூக்குங்க, கொஞ்சம் இடது பக்கம், அசையாதீங்கன்னு சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும். ஊரே என் பேச்சைக் கேட்டு அசையாம உட்காரும். வீட்லதான் என்னை ஒரு ஈ காக்கா மதிக்காது.

மச்சான், அதாவது என் மனைவியோட அண்ணன், வேலையை விட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்தப்போ, நாலு நாள் இருந்துட்டுப் போறேன்னுதான் வந்தார். வந்தவர் போகல. கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன். குடி கிடையாது, வம்பு தும்பு கிடையாது. என் நாற்காலியில உட்கார்ந்தா சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பார். ரிமோட் மடியிலேயே இருக்கும். அவர் மல்யுத்தம் பார்ப்பார். நானும் ஸ்டூல்ல உட்கார்ந்து மல்யுத்தம் பார்த்தேன். கொஞ்சம் எந்திரிங்க மச்சான்னு நேரா சொல்லியிருக்கலாம்தான். எனக்கு வாயெல்லாம் ஸ்டுடியோவோட சரி. சொன்னா வீட்டுக்காரி முகம் சுருங்கிடுமேன்னு பயம் வேற.

அதனால கேபிளை நிறுத்தினேன். டிவி இல்லேன்னா ஆள் தானா கிளம்பிடுவார்னு கணக்கு. பெரிய மூளைக்காரன்னு நினைப்பு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதைதான். வீட்ல கேட்டதுக்கு, மொட்டைமாடியில ஆன்டெனா வெச்சுக்கலாம், ஆகாசத்துல சும்மா வர்றதுக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்னு ஞாயம் பேசினேன். எங்க வீடு மலைக்குப் பின்னாடி பள்ளத்துல இருக்கு. போன் பேசவே தெருமுனைக்குப் போகணும். ஆன்டெனாவுல ஒண்ணும் வராதுன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன்.

வரவும் இல்ல. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு நின்னுச்சு. ஆனா மச்சான் கிளம்பல. நான் பார்க்கிறேன் மாப்ளேன்னு மாடியேறி, ஆன்டெனா கம்பத்தைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பினார். அவர் கை பட்டதும் படம் வந்துச்சு. கையை எடுத்தார், போச்சு. மறுபடி பிடிச்சார், வந்துச்சு. என் மனைவிக்குப் பெருமை தாங்கல. எங்க அண்ணனுக்கு ராசியான கைன்னு அக்கம்பக்கமெல்லாம் சொல்லிட்டு வந்தா. சிக்னல் பலவீனமா இருக்கிற இடத்துல மனுஷ உடம்பு பட்டா இப்படி ஆகறது உண்டுன்னு ஆன்டெனா வித்த கடைக்காரர் பின்னாடி சொன்னார். அப்போ எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். மச்சான் மேல நின்னார், நான் நாற்காலியில இருந்தேன்.

செய்தி முடியிற வரைக்கும் தினமும் நிப்பார். நான் வாசல்ல நின்னுக்கிட்டு, கொஞ்சம் இடது பக்கம், கையைத் தூக்குங்க, அசையாதீங்கம்பேன். என் ஸ்டுடியோவுல அந்த மனுஷன் ஒரு போட்டோவுக்குக்கூட ஒழுங்கா உட்கார்ந்ததில்ல. மாடியில ஆடாம நின்னார். அவருக்கு அதுல சந்தோஷம் சார். தங்கச்சி வீட்ல தண்டச்சோறு தின்னுக்கிட்டு இருக்கோமேன்னு உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. தன்னாலயும் ஒரு உபயோகம் இருக்குன்னு, இறங்கி வரும்போது முகமெல்லாம் மலர்ந்திருக்கும்.

கொஞ்ச நாள்ல என் மனைவி அரிச்செடுக்க ஆரம்பிச்சா. ராசியான கைன்னாலும் வலிக்காதா, வேற வழி பாருங்கன்னா. கடைக்காரர் பூஸ்டர் கொடுத்தார். சிக்னலைக் கூட்டிக் கொடுக்கிற சின்னப் பெட்டி, டிவிக்குப் பின்னாடி வெச்சு ஸ்விட்ச் போட்டா போதும். ரெண்டு பேரும் வெளிய போயிருந்த நேரமாப் பார்த்து மாட்டினேன். படம் பளிச்சுனு வந்துச்சு. மாடியில யாரும் இல்ல.

நல்ல சேதிதானே, சொல்லியிருக்கணும். சொன்னா அவர் இறங்கி வந்து எங்க உட்காருவார்னு யோசிச்சேன். என்ன பெட்டின்னு கேட்ட மனைவிகிட்ட, வோல்டேஜ் பெட்டின்னுட்டேன். அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் ஸ்விட்சை அணைப்பேன். படம் உடையும். மச்சான் மாடியேறிக் கம்பத்தைப் பிடிப்பார். நான் ஸ்விட்சைப் போட்டுட்டு, வந்துருச்சு மச்சான்னு குரல் கொடுப்பேன். ஒரு நாற்காலிக்காக ஒரு நாடகக் கம்பெனியே நடத்தினேன் சார். நீங்க சிரிக்கலாம், நானே சிரிச்சிருக்கேன்.

அன்னிக்கு வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. டிவியில வானிலை சொன்னாங்க. இடி மின்னல் வருது, திறந்த இடத்துல நிக்காதீங்க, இரும்புக் கம்பத்துகிட்ட போகாதீங்கன்னு கீழே எழுத்து ஓடிச்சு. படம் அவ்வளவு தெளிவு, ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். சமையல்கட்டுலேர்ந்து என் மனைவி, அண்ணனை இறங்கச் சொல்லுங்கன்னு குரல் கொடுத்தா. நான் வாசலுக்குப் போனேன். போனேன் சார், அதையும் எழுதிக்குங்க.

"மாப்ளே, இடி இடிக்குது. இறங்கட்டுமா?"

தலைப்புச் செய்தி மட்டும்தான் முடிஞ்சிருந்துச்சு. இறங்கினா நேரா நாற்காலிக்குத்தான் வருவார்.

"ஒரே நிமிஷம் மச்சான். அசையாதீங்க."

அவர் அசையல.

எல்லாரும் விதின்னாங்க. தங்கச்சி வீட்டுக்காக நின்னு உயிரை விட்ட மனுஷன்னு அழுதாங்க. நானும் அழுதேன், அது பொய்யில்ல. டிவி, ஆன்டெனா, பூஸ்டர் எல்லாம் கருகிப்போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு, வீடு வெறிச்சுனு இருக்கு, ஏதாவது சத்தம் கேட்டா தேவலைன்னு என் மனைவியே சொன்னா. திரும்பவும் எல்லாத்தையும் வாங்கி மாட்டினேன். கேபிளையே போட்டிருக்கலாம். அவ்வளவு பெரிய மூளைக்காரனுக்கு அது தோணல. டிவியைப் போட்டதும் பழக்க தோஷம், கை தானாப் பின்னாடி போய் அந்த ஸ்விட்சைத் தட்டிடுச்சு. படம் வந்துச்சு.

அவ படத்தைப் பார்த்தா. என் பக்கம் திரும்பிக் கேட்டா.

"மேல யாருங்க நிக்கிறா?"

செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். நேரா இங்க ஸ்டேஷனுக்கு நானே வந்துட்டேன். ஸ்விட்சை அணைச்சது நான், போட்டது நான், எழுத்தைப் படிச்சுட்டு அவரை நிக்க வெச்சதும் நான்தான். ஆனா ஒண்ணு மட்டும் நம்புங்க சார். அவர் சாகணும்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்ல. நாற்காலி காலியாகணும்னுதான் நினைச்சேன்.