செவ்வாய்க்கிழமை வருபவர்

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நான் சர்க்கரை போட்ட டீ குடிப்பேன். கீழே இருக்கும் மெஷினில் பிடித்து, இரண்டு கோப்பைகளையும் தளும்பாமல் மாடிக்கு அவர்தான் கொண்டுவருவார். சர்க்கரை வேண்டாம் என்று முதல் தடவையே சொல்லியிருக்கலாம். ஒரு மனிதர் நமக்காகப் படியேறிக் கொண்டுவரும்போது எப்படிச் சொல்வது?

அவருடைய மகன் என்மேல் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அப்பா இளைத்துக்கொண்டே போவதைப் பார்க்கும் எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்வான். இந்த மனநல மருத்துவமனைக்குத் தலைமை டாக்டர் நீங்கள். கேட்டுவிட்டதால், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அவருடைய மகள் என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்தாள். கல்லூரியில் கடைசி வருடம். நகத்தைக் கடித்துக்கொண்டே ஜோக் சொல்வாள். நான் சிரித்துவிட்டால், "அப்பாடா, உங்களுக்கும் பல்லு இருக்கு மேடம்" என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை ஃபோன் செய்து, "மேடம், இன்னிக்கே வரலாமா?" என்று கேட்டாள். அன்று எனக்குத் தலைவலி. "திங்கக்கிழமை வாயேன்மா, நிதானமா பேசலாம்" என்றேன். "சரி மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அந்த ஃபோனைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை.

மறுநாள் வழக்கம்போல வேலைக்கு வந்தேன். நான் நுழைந்ததும் சாப்பாட்டு அறையில் பேச்சு நின்றது. நீங்கள் என் தோளைத் தட்டி, "நம்ம தொழில்ல இதெல்லாம் சகஜம்மா. லீவு வேணும்னா எடுத்துக்கோ" என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை; நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "ஊரையே தேத்தறவ நீ. உனக்கு நான் என்னத்தடி சொல்றது?" என்றவள், புது வீட்டுக்கு அடிக்கப்போகும் பெயின்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். போனவள் எனக்கு மகளும் இல்லை, தங்கையும் இல்லை. எந்த உறவைச் சொல்லி அழுவது? இங்கே கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டில் குழாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அங்கே கேட்க ஆளில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் வந்தார். மிக்ஸி, மின்விசிறி பழுதுபார்ப்பவர். நக இடுக்கில் கிரீஸ். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. கடைசியா எம்பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?" என்றார்.

ஃபோன் விஷயம் தெரிந்துதான் கேட்கிறாரோ என்று பயந்தேன். அவருக்குத் தெரியவில்லை. அவராகவே சொன்னார்: "சனிக்கிழமை பட்டறை வாசல்ல வந்து நின்னா. ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருந்தேன். 'கொஞ்சம் இரு கண்ணு, முடிச்சிட்டு வரேன்'னேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்."

"ஆமாங்க. உங்ககிட்ட ஒரு தடவை மனசுவிட்டுப் பேசிப் பாக்கறேன்னு சொல்லியிருந்தா" என்றேன்.

அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை.

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கோ பல நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அவரை அப்படியே விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த செவ்வாய் வரச் சொன்னேன். செய்த தவறோடு வாழப் பழகுவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். அதில் எனக்குக் கைவந்த திறமை உண்டு. இந்தக் கட்டடத்தில் அவளைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை. சின்ன வயதில் அவள் ஸ்குரூ டிரைவரை மைக்காகப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்ததை அவர் சொல்வார். அவளுடைய ஜோக்குகளை நான் சொல்வேன். இருவரும் சிரிப்போம். பிறகு அவர் அழுவார், நானும் அழுவேன். இன்னொருவர் முன்னால் நான் அழுதது அந்த அறையில் மட்டும்தான்.

போன மாதம் அவர் முகம் தெளிந்திருந்தது. "பையன் வந்து கூட இருக்கச் சொல்றாம்மா. போலாம்னு பாக்கறேன். மனசு கொஞ்சம் ஆறிடுச்சு. இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார்.

சந்தோஷம் என்றேன். அவர் கதவைத் தொட்டபோது, "உங்க மனசு தாங்காதேன்னு ஒண்ணு சொல்லாம வெச்சிருந்தேன். 'அப்பாவுக்கு நான் பாரம்'னு அவ அடிக்கடி சொல்லுவா" என்றேன்.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சாப்பாடு இறங்கவில்லை என்று மகன் சொல்வது அதற்குப் பிறகுதான். ஆனால் ஒரு வாரம்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

அப்பாவைப் பற்றி அவள் உண்மையில் சொன்னது ஒன்றுதான். "எங்கப்பா பட்டறையில போய் உக்காந்தா மட்டும் தலைக்குள்ள இருக்கற சத்தம் நின்னுடும் மேடம்."

அதை அவரிடம் சொல்லிவிடச் சொல்கிறீர்கள். சொல்லலாம். சொன்னால் எழுந்து போய்விடுவார், பிறகு வரமாட்டார். இந்த நிலைமையில் அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.